அங்கன்வாடி சம்பளம்: கொரோனா காலக் கணக்கைப் பார்த்தவர்கள் பகிரவும்

சங்கக் கணக்கு, திருச்சி

"கொரோனாவில் யாருக்கும் சம்பளம் குறையவில்லையே" என்று சொல்பவர்கள் மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். இடையில் ஆண்டு ஊதிய உயர்வு 3% சேர்ந்துவிடுவதால் தொகை ஏறித்தான் தெரியும். அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் (விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்டத் தரும் படி) தனித்தனியாக எழுதினால்தான் இழப்பு கண்ணில் படும்.

தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் மாதம் ரூ.7,700-24,200, உதவியாளருக்கு 4,100-12,500. இந்த ஊதியத்துக்கும் அரசு ஊழியருக்குரிய அகவிலைப்படி விகிதமே. 2020 ஏப்ரலில் மாநில அரசு போட்ட முடக்க உத்தரவால் அது 17 சதவீதத்திலேயே நின்றது. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் முடக்கத்தை விலக்கிய பிறகும் இங்கே 1-1-2022 முதல்தான் 31% கிடைத்தது. இடைப்பட்ட காலத்துக்கு நிலுவை இல்லை.

முடக்கம் இல்லாதிருந்தால் விகிதம் 2020 ஜனவரியில் 21, ஜூலையில் 24, 2021 ஜனவரியில் 28, ஜூலையில் 31 என்று ஏறியிருக்கும். ஒவ்வொரு அரையாண்டிலும் 17-ஐக் கழித்தால் 4, 7, 11, 14. அடிப்படை 7,700 என்றால் மாதம் 308, 539, 847, 1,078 ரூபாய். ஒவ்வொன்றையும் ஆறால் பெருக்கிக் கூட்டினால் 16,632. உதவியாளருக்கு 4,100-இல் 8,856. இவை குறைந்தபட்ச அடிப்படையில் போட்டவை. ஊதிய உயர்வு சேர்ந்தவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். அவரவர் பணிப்பதிவேட்டில் உள்ள அடிப்படையை வைத்து, உயர்வு வந்த மாதத்தில் தொகையை மாற்றிப் போடுங்கள்.

மையம் மூடியிருந்தபோதும் சத்துமாவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இவர்கள். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் இந்தத் தொகை போயிற்று.

ஈரோடு

தோழர் சொன்னது சரி. ஒன்றிய அரசின் மதிப்பூதியத்தை இதோடு கலக்க வேண்டாம். அது 1-10-2018-இல் பணியாளருக்கு 3,000-லிருந்து 4,500 ஆனது, உதவியாளருக்கு 1,500-லிருந்து 2,250. தொற்றுக்காலம் முழுக்க அப்படியே நின்றது. அகவிலைப்படி இல்லாத தொகை என்பதால் விலைவாசியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.

அதில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2020 செப்டம்பர் முதல் 2016 ஆகிவிட்டது. பழைய எண் 302 (அக்டோபர் 2018), புதிய எண் 125.4 (டிசம்பர் 2021). நேராக வைத்தால் விலை சரிந்ததுபோல் தெரியும். புதியதை 2.88-ஆல் (இரண்டு தொடர்களையும் இணைக்கும் எண்) பெருக்க வேண்டும், 361 வரும். அப்படியானால் 4,500 தன் மதிப்பைக் காத்துக்கொள்ளவே சுமார் 5,380 ஆகியிருக்க வேண்டும்.

கோட்டப் பொறுப்பாளர், விழுப்புரம்

பணப்பலன் பக்கம். 50 லட்சம் காப்பீடு (பிரதமர் கரீப் கல்யாண்) அங்கன்வாடியினருக்கும் இருந்தது, கொரோனா பணியில் இருந்திருந்தால் மட்டும். உயிரிழப்புக்கு மட்டுமே, மருத்துவச் செலவுக்கு ஒரு ரூபாய் கிடையாது. கோரிக்கை சிக்குவது "கொரோனா பணியில் இருந்தார்" என்ற சான்றில். கொரோனா கணக்கெடுப்புக்குப் போகச் சொன்னது வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ இருந்தால் எழுத்து ஆதாரமே இல்லாமல் போகிறது. வாரிசுதாரர் தேட வேண்டியது: பணி உத்தரவு, வட்டார அலுவலகப் பதிவேட்டில் பெயர், தொற்று உறுதியான ஆய்வக அறிக்கை, இறப்புச் சான்று, மருத்துவமனைச் சுருக்கம். உத்தரவு இல்லையென்றால் மேற்பார்வையாளரின் வருகைக் குறிப்பும் அந்த நாட்களின் கணக்கெடுப்புப் படிவமும் உதவும். இவ்வளவு உழைத்தவர் குடும்பத்தை ஒரு தாளுக்காக அலையவிடுவது கொடுமை.

சங்கக் கணக்கு, திருச்சி

பணிக்கொடையையும் (ஓய்வின்போது தரும் மொத்தத் தொகை) சேர்த்துக்கொள்ளுங்கள். 1972 பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 25-4-2022 அன்று, குஜராத்திலிருந்து வந்த வழக்கில் தீர்ப்பளித்தது. கணக்கு: கடைசி மாத ஊதியம் × 15 ÷ 26 × பணியாண்டு. ஊதியம் என்பதில் அகவிலைப்படியும் அடக்கம். அதனால் முடக்கம் இங்கேயும் வந்து நிற்கிறது. இந்தச் சூத்திரப்படி, 7,700 அடிப்படையில் 25 ஆண்டு பணி செய்து 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றவருக்குக் கடைசி ஊதியம் 9,009. ஒரு மாதம் கழித்து ஓய்வு பெற்றவருக்கு 10,087. பணிக்கொடையில் வித்தியாசம் 15,548 ரூபாய்.

ஈரோடு

2020, 2021-இல் ஓய்வு பெற்றவர்களின் பட்டியலைத் தனியாக எடுக்க வேண்டும், தோழர். பணியில் இருப்பவர்களின் அட்டவணையில் அவர்கள் வரவே மாட்டார்கள்.