மைனரும் மீன்குழம்பும்
(சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றின் அரட்டைக் குழுவில்)

பெரியப்பா: முடிவு செய்துவிட்டேன். நம் 1960 மாரிஸ் மைனர் காரைப் பின்சக்கர இயக்கத்திலிருந்து முன்சக்கர இயக்கத்துக்கு மாற்றப்போகிறேன். மினி காரின் எஞ்சினை, அதைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமோடு அப்படியே இறக்கிவிடலாம்.

பெரியம்மா: நேற்று இரவெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது இதற்குத்தானா?

பெரியப்பா: இரண்டு காரிலும் இருப்பது ஏ-சீரீஸ் என்ற ஒரே வகை எஞ்சின். இரண்டு காரையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959-இல் மினிக்கு எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கிவிட்டார். மனிதர் மூளையே மூளை!

கதிர்: எஞ்சின் உட்கார்ந்துவிடும், பெரியப்பா. சிக்கல் சக்கரத்தில். முன்சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். தண்டுகளை மடங்கும்படி இணைக்கும் சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட் மடங்கி நின்றால் ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடிக் குறையும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் உதறும். அதனால்தான் மினிக்கு, மடங்கினாலும் வேகம் மாறாத, உள்ளே குண்டுகள் வைத்த சிவி ஜாயின்ட். மைனரின் முன்சக்கர அச்சில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டு நுழைய வழியே இல்லை. மினியின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் சில அங்குலம் குறைவு. மைனரின் முன்பக்கம் ஸ்பிரிங்காக முறுக்கிக்கொடுக்கும் கம்பியான டார்ஷன் பாரையும் கழற்றிப் போடவேண்டும்.

அத்தை: அனுமதி கிடைக்குமா?

கதிர்: எஞ்சினை மாற்றவே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்கவேண்டும், அத்தை. பழங்கால வண்டி என்று ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டக்கூடிய வண்டிக்கு இந்தப் பாடா?

மலர்: திடீரென்று ஏன் பெரியப்பா இந்த ஆசை?

பெரியம்மா: நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்து ஈசூனுக்கு எடுத்துப்போனோம். பின்னிருக்கைக்குக் கீழே நடுவில் ஒரு மேடு. சட்டி அதில் இடித்துச் சாய்ந்தது. விரிப்பில் இன்னும் புளி வாடை.

பெரியப்பா: பின்சக்கரத்துக்குப் போகும் தண்டுக்காகத்தான் அந்த மேடு. தண்டு போனால் மேடும் போய்விடும். சிட்ரோயன் 1934-லேயே தட்டைத் தரை போட்டுவிட்டான்.

கதிர்: தண்டு போகும், மேடு போகாது. மைனருக்கு அடியில் தாங்கும் தனிச் சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது. அந்தத் தகடுகள்தான் உடம்பைத் தாங்குகின்றன. மேட்டை அறுத்தால் தரை தொய்யும்.

பெரியப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: இசிகோனிஸே மைனரில் முன்சக்கர இயக்கத்தைச் சோதிக்கத் தொடங்கியவர்தான், தெரியுமா?

கதிர்: அவருக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை நின்றது. உங்களுக்கு சின்மிங்கில் ஒரே ஒரு மெக்கானிக், அவருக்கும் முதுகுவலி.

மலர்: 😂

பெரியம்மா: வரும் ஞாயிறு குழம்பு திருகுமூடித் தூக்கில், என் மடியில். அந்த விரிப்பை இன்றைக்காவது துவைத்துப் போடுகிறீர்களா, இல்லையா?