படகு (போட்டு) இன்ஜினுக்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) மாற்றிய அனுபவம் – பினாங்கு நண்பர்களே, உங்கள் கதையும் வரட்டும்

தெலுக் பஹாங் அலை:
“காருக்கும் போட்டுக்கும் இன்ஜின் ஒன்றுதானே, போட்டில் கார் கேம் போட்டால் என்ன அண்ணே?” என்று போன வாரமும் ஒரு தம்பி கேட்டார். என் வண்டவாளத்தை நானே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 5.7 லிட்டர் ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் உள்ளே, விசிறியைச் சுற்றும் டிரைவ் படகுக்குப் பின்னால்), செவர்லே 350 பிளாக். பல வருஷம் ஓடியது. திடீரென்று கார்புரேட்டர் வழியாகப் ‘பட் பட்’டென்று திருப்பி அடித்தது. வால்வு கவரைக் கழற்றி, புஷ்ராட் (வால்வைத் தள்ளும் கம்பி) மேல் டயல் கேஜ் (எழும்பும் உயரத்தை அளக்கும் கருவி) வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தோம். ஓர் எக்ஸாஸ்ட் (புகை போகும்) வால்வின் புஷ்ராட் மட்டும் மற்றவற்றில் பாதிகூட எழும்பவில்லை. கேமில் அதற்கான லோப் (தள்ளும் மேடு) தேய்ந்து உருண்டையாகிவிட்டது.

பிறை ஊரில் ஒரு கடையில் ரேஸ் காருக்கான கேம் கிடைத்தது. ஐட்லிங்கில் குலுங்கிக் குலுங்கி ஓடும், கேட்கவே சுகம் என்றார்கள். எனக்கும் ஆசை. வினையே அந்தக் குலுங்கல்தான். அப்படிப்பட்ட கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். மெதுவாக ஓடும்போது இன்டேக்கின் உறிஞ்சல் எக்ஸாஸ்டில் இருப்பதையும் உள்ளே இழுக்கும். காரில் புகையோடு போச்சு. போட்டில் எக்ஸாஸ்டுக்குள்ளேயே கடல்நீரை விட்டுத்தானே குளிர வைக்கிறோம்!

படகுத்துறையில் நண்பர்களுக்குச் சத்தம் காட்ட அரை மணி நேரம் ஐட்லிங்கில் விட்டேன். மறுநாள் ஸ்டார்ட்டர் ‘டக்’கென்று நின்றது. பிளக் நுனியில் வெள்ளையாக உப்புப் பொருக்கு. எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டுச் சுற்றினால், மூன்றாவது சிலிண்டர் தண்ணீரைப் பீச்சுகிறது.

இப்போது இருப்பது மரின் (படகுக்கான) கேம், இன்டேக் லோபுக்கும் எக்ஸாஸ்ட் லோபுக்கும் இடைவெளி 114 டிகிரி, அதனால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறைவு. ஐட்லிங் தையல் மெஷின் மாதிரி. சத்தத்தில் ஒரு கெத்தும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழு திராட்டிலிலேயே 4400–4800 ஆர்பிஎம் ஓடும் இன்ஜினுக்கு, 6000-இல் பலம் காட்டும் கேம் எதற்கு?

பட்டர்வொர்த் ஸ்பானர்:
எங்கள் பட்டறைக்கு இரட்டை இன்ஜின் இன்போர்ட் (இன்ஜின் உள்ளே, விசிறித் தண்டு படகுக்கு அடியில்) ஒன்று வந்தது. முதலாளி ஒரே நம்பரில் இரண்டு கேம் வாங்கி வைத்திருந்தார். ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்த்தால், ஒரு ஃப்ளைவீல் இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். போட்டு ஒரு பக்கமாக இழுக்காமல் இருக்க, விசிறிகளை எதிரெதிராகச் சுற்றவிடுவார்கள். பழைய போட்டுகளில் அதற்காக ஓர் இன்ஜினே எதிர்த்திசையில் சுற்றும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) ஒன்றில் 1-8-4-3-6-5-7-2, இன்னொன்றில் 1-2-7-5-6-3-4-8. அதற்குத் தனிக் கேம். நல்லவேளை, பெட்டியைப் பிரிக்கவில்லை, கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். உங்கள் ஸ்டெர்ன்டிரைவில் இந்தத் தொல்லை இல்லை அண்ணே, திசையை டிரைவே மாற்றிக்கொள்ளும்.

பத்து மாவுங் காத்து:
நான் சரியான கேமைத்தான் வாங்கினேன். லிஃப்டரில் (லோபுக்கும் புஷ்ராடுக்கும் நடுவில் ஏறி இறங்கும் துண்டு) கஞ்சம் பிடித்து, பழையதையே போட்டேன். ஃப்ளாட் லிஃப்டர் (அடி தட்டையானது) அதனதன் லோபோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். புது லோபைச் சுரண்டிவிட்டது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தபோது மடிப்பெல்லாம் இரும்புத்தூள் மினுக்கம். இரண்டாவது தடவை 16 லிஃப்டரும் புதிது, ஜிங்க் சேர்ந்த ஆயில், புது லோபும் லிஃப்டரும் ஒன்றோடொன்று பழக, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 2000 ஆர்பிஎம்மை ஒட்டி 20 நிமிடம். டிரெய்லரில் வைத்து ஓட்டுபவர்கள் தண்ணீர்க் குழாயை முதலில் மாட்டுங்க. இல்லையென்றால் பம்ப் இம்பெல்லர் கருகிவிடும்.

ஜெலுத்தோங் தம்பி:
ரோலர் லிஃப்டருக்கும் (அடியில் உருளும் சக்கரம் உள்ளது) அந்த 20 நிமிடம் வேணுமா அண்ணே?

தெலுக் பஹாங் அலை:
வேண்டாம் தம்பி. ஆனால் ஃப்ளாட் கேமில் ரோலர் லிஃப்டரோ, ரோலர் கேமில் ஃப்ளாட் லிஃப்டரோ போடவே கூடாது. காசு கட்டுவதற்கு முன் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, உள்ளே எது இருக்கிறது என்று பாருங்க. புது கேஸ்கெட் ஒன்று செலவாகும், பரவாயில்லை.