ஆன்டிஜென்: 'பிற'வும் வேண்டாம், 'தூண்டி'யும் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். ஆன்டிஜென் என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில் இது. ஆன்டிபாடி என்பது நோயெதிர்ப்புக்காக உடல் உருவாக்கும் புரதம்; அதுவோ எதிர்ப்பு செல்களோ பற்றிக்கொள்ளும் பொருள்தான் ஆன்டிஜென்.

> ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி என்று ஏற்கெனவே இருக்கிறது. ஆன்டிஜெனைப் பிறபொருள் என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. ஏ வகை ரத்தம் உள்ளவரின் சிவப்பணுக்கள் மேல் இருக்கும் ஏ ஆன்டிஜென் அவருடைய சொந்தச் சரக்கு. பி வகைக்காரரின் உடலுக்குத்தான் அது அயல். லாண்ட்ஸ்டைனர் 1901-இல் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டியதே இந்த வேறுபாட்டை வைத்துத்தான். "உங்கள் சிவப்பணுவில் ஏ பிறபொருள் இருக்கிறது" என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், பயந்துவிடுவார். தன்னெதிர்ப்பு நோய்களில் இன்னும் சிக்கல். முதல் வகை நீரிழிவில் டி செல்கள் என்னும் எதிர்ப்பு வெள்ளணுக்கள் கணையத்தின் பீட்டா செல்களைத் தாக்குகின்றன. அங்கே ஆன்டிஜென்களில் ஒன்று உடலே சுரக்கும் இன்சுலின்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நாம் உண்ணும் புரதம் எல்லாம் அயல்பொருள்தான். பெரும்பாலோருக்கு அதற்கு எதிராக எந்தத் தாக்குதலும் எழுவதில்லை.

> அப்படியானால் எதிர்ப்புத்தூண்டி?

இது பாதி சரி. 1899-இல் ஹங்கேரிய ஆய்வாளர் டெட்ரே ஆன்டிஜென் என்ற சொல்லை உருவாக்கியபோது அவர் மனத்தில் இருந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் துறை அதற்குப் பின் நகர்ந்துவிட்டது. ஹாப்டென் என்னும் சிறு மூலக்கூறுகளைத் தனியே செலுத்தினால் ஆன்டிபாடி உருவாகாது. ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டிச் செலுத்தினால் உருவாகும். அப்படி உருவான ஆன்டிபாடி, புரதம் இல்லாத தனி ஹாப்டெனையும் பிடித்துக்கொள்ளும்! பெனிசிலின் ஒவ்வாமை இந்த வழியில் வருவதுதான்: மருந்தின் மூலக்கூறு நம் புரதத்தில் ஒட்டிக்கொண்ட பிறகே சிலருக்கு வினை தொடங்குகிறது. ஆக, பற்றுவது வேறு, தூண்டுவது வேறு. எதிர்ப்புத்தூண்டியை, உண்மையிலேயே எதிர்ப்பைத் தூண்டும் பொருளான இம்யூனோஜெனுக்கு வைத்துக்கொள்வோம். ஹாப்டெனுக்குக் குறைத்தூண்டி எனலாம்.

இந்தப் பிரிவினையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், உடல் வேலை செய்யும் முறையே அப்படி இருப்பதுதான். ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல், டி செல் ஆகியவற்றின் மேல் இருந்துகொண்டு பொருள்களைப் பற்றும் ஏற்பிகள், மரபணுத் துண்டுகளைக் குருட்டுவாக்கில் வெட்டி ஒட்டி உருவாகின்றன. ஆன்டிபாடி மரபணுக்களில் இதைக் காட்டியவர் டோனெகாவா. குருட்டுவாக்கில் பிறந்த ஏற்பிக்குத் தன்னது எது, அயல் எது என்று எப்படித் தெரியும்? தெரியாது. பொருந்தினால் பற்றும், அவ்வளவுதான். தன் உடலையே இறுகப் பற்றும் டி செல்களில் பெரும்பாலானவை தைமஸ் சுரப்பியிலேயே ஒழிக்கப்படுகின்றன. தப்பித்து வருபவற்றை அடக்குவதில் ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்கு 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது இது தொடர்பான ஆய்வுக்குத்தான்.

அப்புறம், புதிய டி செல் ஒன்று பற்றியவுடனே போர் தொடங்குவதில்லை. ஆன்டிஜெனைக் காட்டும் டென்ட்ரைட் செல் இரண்டாவது சைகை ஒன்றும் தர வேண்டும். பாக்டீரியா, வைரஸ் போன்றவற்றுக்கே உரிய அமைப்புகளை டோல் வகை ஏற்பிகளால் உணர்ந்தால் அந்தச் சைகையை அது வலுவாகத் தரும். சைகை இல்லாமல் வெறுமனே பற்றிய டி செல் பெரும்பாலும் செயலற்றுப் போகும். 'ஆபத்து' என்ற முடிவு, ஏற்பி பற்றும் இடத்தில் எடுக்கப்படுவதில்லை என்பதை நோயெதிர்ப்பியலாளர் ஜேன்வே 1989-லேயே ஊகித்துவிட்டார். நம் சொல்லில் அந்த முடிவை ஏன் முன்கூட்டியே திணிக்க வேண்டும்?

என் பரிந்துரை: ஆன்டிஜென் = பற்றுபொருள்.

"பற்றும் பொருள் என்றால் ஆன்டிபாடி ஆகிவிடாதா?" என்று கேட்பீர்கள். வினைத்தொகைக்கு இது புதிதல்ல. குடிநீர் எதையும் குடிப்பதில்லை. வரவு செலவுக்காரர்கள் பற்று என்றதும் வேறொன்றை நினைப்பார்கள், அது அவர்கள் பாடு.

இதன் பெரிய வசதி, குடும்பம் தானாக வளர்வது. பற்றுபொருளில் ஏற்பி அமரும் இடமான எபிடோப், பற்றிடம். ஆன்டிபாடியின் நுனியில் அதற்குப் பொருந்தும் பகுதியான பாராடோப், பற்றுமுனை. ஒரே புரதத்தில் பல பற்றிடங்கள் இருக்கலாம் என்று உறுத்தாமல் எழுத முடிகிறது. டி செல் முழுப் புரதத்தையும் பார்ப்பதில்லை. செல்லின் மேல் இருக்கும் எம்எச்சி முதல் வகை மூலக்கூறு, டி செல்லுக்கு ஏந்திக் காட்டும் புரதத் துண்டில் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள்தான். இப்படி ஏந்திக் காட்டுவதைப் பற்றுபொருள் காட்டல் எனலாம். (செல்லா, உயிரணுவா, கலமா என்ற சண்டையை இதில் இழுக்க வேண்டாம்.)

பிறபொருளெதிரியிலும் அதே 'பிற' இருக்கிறது. ஆன்டிபாடிகள் எல்லாம் புரதங்களே என்பதால் எதிர்ப்புரதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க எனக்குத் தெம்பில்லை.

எனக்கே நிறைவு தராதது சூப்பர் ஆன்டிஜென். ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் சில நச்சுகள் எம்எச்சியையும் டி செல் ஏற்பியையும், துண்டை ஏந்தும் பள்ளத்துக்கு வெளியே பக்கவாட்டில் பிணைத்து, ஐந்தில் ஒரு பங்கு டி செல்களைக்கூட ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். அங்கே பற்றுவதைவிடத் தூண்டுவதே செய்தி. அதனால் மிகைப்பற்றுபொருள் என்பதைவிட மிகைத்தூண்டி பொருந்தும் என்று நினைக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.