மறுதலை ஏன் எப்போதும் சரியாக வருவதில்லை? மகளுக்குப் புரியவைக்க உதவுங்கள்

வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. "ஒரு நாற்கரம் செவ்வகம் என்றால் அதன் மூலைவிட்டங்கள் சமம்" என்று படித்துவிட்டு, அதையே திருப்பிப் போட்டு (இதுதான் மறுதலை), மூலைவிட்டங்கள் சமமாக இருந்தாலே அது செவ்வகம்தான் என்று எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டு வந்திருக்கிறாள்.

10 செ.மீ. ஈர்க்குச்சி இரண்டை எடுத்து, நடுவில் இல்லாமல் ஒவ்வொன்றிலும் ஒரு முனையிலிருந்து 4 செ.மீ. தள்ளிக் குறுக்கே வைத்து நான்கு முனைகளையும் கோடுபோட்டு இணைத்துக் காட்டினேன், இருசமபக்க சரிவகம் வந்தது, செவ்வகம் வரவில்லை. சரி என்றாள். அடுத்த நிமிஷமே, "அப்போ பிதாகரஸ் தேற்றத்துக்கு மட்டும் மறுதலையும் சரின்னு புக்ல இருக்கே?" என்று மடக்கிவிட்டாள். யூக்ளிட்கூட தன் 'எலிமெண்ட்ஸ்' வடிவியல் நூலின் முதல் பாகத்தில் தேற்றத்தை 47ஆவதாகவும் மறுதலையை 48ஆவதாகவும் தனித்தனியாகத்தான் நிறுவியிருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம் இன்னொன்று. "மூலைவிட்டங்கள் சமமில்லை என்றால் செவ்வகம் இல்லை" என்பது தனி நிரூபணம் இல்லாமலே சரி, ஆனால் "செவ்வகம் இல்லை என்றால் மூலைவிட்டங்கள் சமமில்லை" என்பது தப்பு. எனக்குப் புரிகிறது, அவளுக்குச் சொல்லத்தான் வரவில்லை. மெய் அட்டவணை (ஒவ்வொரு கூற்றும் சரியா தப்பா என்று வரிசையாக எழுதிப் பார்க்கும் அட்டவணை) போடாமல், வீட்டில் இருக்கும் பொருளை வைத்தோ படம் போட்டோ இதை விளக்கிய ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன். திங்கட்கிழமை டெஸ்ட்.