கிட் லென்ஸில் முகம் கூர்மையாக வரவில்லை: லென்ஸை மாற்றினால் சரியாகுமா?

பிறைநிலா (கேள்வி)

வணக்கம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. எஃப்/3.5-5.6 கிட் லென்ஸ். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் 55 மி.மீ. வைத்து முகங்களை எடுக்கிறேன். கேமராத் திரையில் நன்றாகத் தெரிகிற படம், கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் பார்த்தால் மசமசவென்று இருக்கிறது. செட்டிங்: எஃப்/5.6 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் 1/20 விநாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 800. படத்தில் புள்ளி (நாய்ஸ்) விழும் என்பதால் ஐஎஸ்ஓவை அதற்கு மேல் ஏற்றுவதில்லை. ஸ்டெபிலைசேஷன் ஆனில்தான் இருக்கிறது. வெளியே மலை, ஏரி எடுக்கும்போது எல்லாம் ஃபோகஸில் வரட்டும் என்று எஃப்/22 வைக்கிறேன்; அதுவும் மந்தம். 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கலாமா, 17-50 எஃப்/2.8 வாங்கலாமா?

ஒளிமானி

இரண்டையும் இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். எந்த வகை மங்கல் என்று முதலில் தெரிய வேண்டும்; அதைப் படத்திலேயே பார்த்துவிடலாம். படம் முழுக்க ஒரே திசையில் இழுத்த மாதிரி, கண்ணில் விழுந்த விளக்கின் பிரதிபலிப்பு கோடாக நீண்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்சுவர் கூர்மையாக இருந்து முகம் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். மூக்கோ காதோ தெளிவாக இருந்து கண் மட்டும் மங்கினால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எங்குமே கூர்மை இல்லை, இழுவையும் இல்லை என்றால்தான் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் 1/20 மேல்தான் என் முதல் சந்தேகம். லென்ஸின் மி.மீ. எண் எவ்வளவோ, ஷட்டர் குறைந்தது விநாடியில் அத்தனையில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு; சென்சார் சிறியது என்பதால் ஏபிஎஸ்-சியில் 55 மி.மீ.யை 1.5ஆல் பெருக்கினால் 82. அதனால் கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/80 வேண்டும். 24 மெகாபிக்சலை 100 சதவீதத்தில் பார்ப்பவருக்கு 1/125தான் நிம்மதி. ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும்; பேசிக்கொண்டிருப்பவரின் முகம் அசைவதை அதனால் நிறுத்த முடியாது. ஐஎஸ்ஓ 800 என்ற வரம்பை எடுத்துவிடுங்கள். அதே வெளிச்சத்தில் 3200 வைத்தால் 1/80 கிடைக்கும். ரா (RAW) கோப்பாக எடுத்தால் புள்ளிகளைப் பிறகு பெருமளவு குறைக்கலாம். ஆடிப்போன படத்தை அப்படி மீட்க முடியாது. ஆட்டோ ஐஎஸ்ஓவில் உச்சம் 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை. இன்னொன்று: வெளிச்சம் குறைத்து எடுத்துவிட்டு பிறகு ஏற்றினால் புள்ளி கூடும். 3200இல் சரியான எக்ஸ்போஷர், 800இல் இருட்டாக எடுத்ததைவிட மேல்.

எஃப்/22 விஷயம் வேறு. துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவும், அதாவது டிஃப்ராக்‌ஷன். எஃப்/22இல் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் சுமார் 30 மைக்ரான் வட்டமாக விழுகிறது. உங்கள் சென்சாரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 4 மைக்ரான்தான். எஃப்/8இல் அந்த வட்டம் 11 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதிலிருந்து தப்பாது. 18 மி.மீ., எஃப்/8 வைத்து சுமார் 2 மீட்டர் தள்ளி ஃபோகஸ் செய்தால், 1 மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை வரும். அதற்கு மேல் துளையைச் சுருக்க நிலக்காட்சியில் பெரும்பாலும் காரணமே இல்லை.

முக்காலி

லென்ஸ் நல்லதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். செய்தித்தாளின் ஒரு தாளைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டி, சுமார் 3 மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவை அதற்கு நேர்நேராக நிறுத்துங்கள். ஸ்டெபிலைசேஷன் ஆஃப், ஐஎஸ்ஓ 100, 2 விநாடி டைமர். லைவ் வியூவில் (கேமராத் திரையில் பார்த்து எடுப்பது) 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்து எஃப்/5.6, 8, 11, 22 நான்கிலும் எடுங்கள். பிறகு வியூஃபைண்டர் வழியாக, நடுப்புள்ளியை மட்டும் வைத்து எஃப்/5.6இல் சில படங்கள்; ஒவ்வொன்றுக்கும் முன்பு ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள்.

லைவ் வியூ படமே மங்கலாக இருந்தால் லென்ஸில் குறை இருக்கலாம். அதற்கு முன் யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், கைரேகை படிந்த கண்ணாடியும் மலிவான ஃபில்டரும் இதே மாதிரி காட்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுங்கள். தாளின் அதே மூலை மறுபடி மங்கினால் கேமரா சாய்வாக நிற்கிறது; மங்கல் எதிர்மூலைக்குப் போனால் லென்ஸுக்குள் கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

பிறைநிலா

இருவருக்கும் நன்றி. எஃப்/8இல் எழுத்துகள் நன்றாகவே தெரிகின்றன. எஃப்/22 உண்மையிலேயே மோசம். ஆனால் எஃப்/5.6இல் லைவ் வியூ படம் கூர்மை, வியூஃபைண்டர் வழி எடுத்தது எல்லாம் ஒரே அளவு மங்கல். ஏன்?

முக்காலி

அப்படியென்றால் லென்ஸ் நல்லது. டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழி ஃபோகஸ் செய்வது படம் பிடிக்கும் சென்சார் அல்ல. கேமராவுக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்குக் கீழே தனியாக ஒரு ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) சென்சார் இருக்கிறது. இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் துளி மாறினாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழும். லைவ் வியூவில் படச் சென்சாரே பார்ப்பதால் அந்தப் பிழை இல்லை. எந்தப் பக்கம் விழுகிறது என்று அறிய, நிமிர்ந்து நிற்கும் ஒரு அட்டையின் மேல் ஃபோகஸ் செய்து, பக்கத்தில் 45 பாகை சாய்த்து வைத்த அளவுகோலில் எந்த எண் தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த நிலையில் 50 எஃப்/1.8 வாங்கினால் தொல்லை கூடத்தான் செய்யும். 2 மீட்டரில் இருக்கும் முகத்துக்கு 55 மி.மீ., எஃப்/5.6 தரும் கூர்மை ஆழம் (முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி) சுமார் 30 செ.மீ. எஃப்/1.8இல் அது 11, 12 செ.மீ.தான். இப்போது ஆழத்துக்குள் ஒளிந்துகொள்ளும் பிழை அப்போது கண்ணிலேயே தெரியும்.

வெண்கூரை

வேகமான லென்ஸ் (துளை பெரிதாகத் திறப்பது) வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இதே விளக்கில் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600 வைத்தால் 1/160 வந்துவிடும். கிட் லென்ஸால் அது முடியாது. ஆனால் சின்ன அறைக்கு 50 மி.மீ. நெருக்கடி, இருவரைச் சேர்த்து எடுக்கவே பின்னால் நகர வேண்டியிருக்கும். 35 எஃப்/1.8 பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் முதல் செலவு தலை திரும்பும் தனி ஃப்ளாஷ். வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி, எஃப்/5.6, 1/125, ஐஎஸ்ஓ 800. அறை வெளிச்சம் இரண்டு ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) மேல் குறைந்துவிடுவதால் முகத்தில் விழுவது பெரும்பாலும் ஃப்ளாஷ் ஒளி. அது மின்னும் நேரம் பொதுவாக ஆயிரத்தில் ஒரு விநாடிதான் என்பதால் சின்ன அசைவு பதியாது. உள்ளமைந்த ஃப்ளாஷைத் திருப்ப முடியாது, அது இதற்கு உதவாது. கூரை வண்ணம் பூசியதாக இருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறும். அப்போது பக்கத்து வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள்.

ஒளிமானி

வெண்கூரை சொன்ன வரிசையோடு எனக்கும் உடன்பாடுதான், ஃபோகஸ் பிழையை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள். மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் அல்லது மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (இந்தப் பிழையைத் திருத்தும் வசதி) இருக்கிறதா பாருங்கள்; தொடக்கநிலை கேமராக்கள் பலவற்றில் இருக்காது. இருந்தால் 5 படி மாற்றி எடுத்து லைவ் வியூ படத்தோடு ஒப்பிடுங்கள், நெருங்கியதும் ஒவ்வொரு படியாக நகருங்கள். ஜூமில் 55க்குச் சரி செய்தது 18இல் தப்பலாம், முகம் எடுப்பது 55இல் என்பதால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள். மெனுவில் இல்லையென்றால் கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுங்கள். அதுவரை முகங்களை லைவ் வியூவிலேயே எடுங்கள்.