ஆய்வு முடிவுகள் வயலுக்கு வந்து சேர்வது எப்படி?

கேள்வி (திருவாரூர் விவசாயி):
வடகிழக்குப் பருவமழையில் எங்கள் சம்பாப் பயிர் பலமுறை மூழ்கி அழுகியிருக்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் மீண்டு வளரும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தைப் பற்றி உறவினர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். இத்தகைய செய்திகள் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக எங்களுக்குக் கிடைக்க வழி உண்டா?

பதில் 1:
உண்டு, ஐயா. நீடாமங்கலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இயங்குகிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் இதே பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கப்பட்டது. புதிய ரகத்தை விவசாயியின் வயலிலேயே பயிரிட்டுக் காட்டும் செயல்விளக்கத் திடல்கள் இந்நிலையங்களின் முதன்மைப் பணி; உங்கள் வயலையும் அதற்குத் தர முன்வரலாம்.

பதில் 2:
செயல்விளக்கம் ஒருவழிப் பாதையாக இருந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வடிகால் தூர்ந்த வயலில் எந்த ரகமும் ஓரளவுதான் தாங்கும் என்பதை அங்கு நிற்கும் விவசாயியே முதலில் அறிவார். அவர் சொல்வதை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வரை எடுத்துச் செல்வதும், ஆய்வையும் வயலையும் இணைக்கும் வேளாண் விரிவாக்கப் பணியே.

கேட்டவர்:
நன்றி. நாற்றங்கால் விடுவதற்கு முன்பே நீடாமங்கலம் சென்று விதை இருப்பைக் கேட்கிறேன்.