துருசு வேலைக்கு முன் ஆற்றுக்கும் மீனுக்கும் ஒரு வழி

அன்பின் ஊரவர்களுக்கு,

வணக்கம். நமது ஊர்க் குளத்துத் துருசை, அதாவது கட்டிலிருந்து நீர் திறந்துவிடும் மதகை, திருத்தப் பணம் சேர்ப்பது பற்றி ரொறன்ரோத் தம்பி எழுதிய மடலுக்கு வந்த பதில்களில் எல்லோரும் தொகையைத்தான் பேசியிருக்கிறீர்கள். தொகையில் எனக்கு வழக்கில்லை. என் பங்கு வந்துசேரும். விவசாய சங்கத்தார் அனுப்பிய படங்களில் கதவு துருப்பிடித்துக் கசிவதும், அலை அரிக்காமல் கட்டில் பதித்த அலைகரைக் கல் சரிந்து கிடப்பதும் நன்றாகவே தெரிகின்றன. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானதைக் கேட்டவர்கள், கட்டைத் திருத்த வேண்டாம் என்று வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் மதிப்பீட்டில் சீமெந்து, கம்பி, கூலி, மேசனுக்குச் சாப்பாடு வரை இருக்கிறது. வேலை நடக்கும் வாரங்களில் கட்டுக்குக் கீழே ஆறு எப்படி ஓடும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

கோடைச் செய்கையான சிறுபோகத்தின் அறுவடை முடிந்ததும் குளத்தை வடித்து, மாரி மழைக்கு முன் வேலையை முடிப்பது என்கிறார்கள். வயலுக்கு அது சரியான காலம். ஆறு ஆண்டிலேயே மிக மெலிந்து கிடப்பதும் அப்போதுதான். மேலிருந்து வருகிற கொஞ்ச நீரும் நின்றுபோனால், ஆறு போய்ச் சேரும் கடலோர வாவியின் உப்பு ஆற்றுக்குள் ஏறும். கரையோரக் கிணறுகளும் மாட்டுப் பட்டிகளும் அதைத்தான் குடிக்க வேண்டும். விலாங்கு கடலுக்குப் போய்த்தான் இனம் பெருக்கும். பெரிய நன்னீர் இறாலின் குஞ்சு உவர்நீரில்தான் பிழைக்கும். வளர்ந்த பிறகு ஆற்றுக்குள் ஏறிவரும். இவற்றுக்கு எல்லாம் குளத்துக்கும் வாவிக்கும் இடையே வழி அறாமல் இருக்க வேண்டும்.

நான் இருக்கும் சுவிற்சர்லாந்தில் இதற்கு 1991ஆம் ஆண்டின் நீர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சராசரியாக ஆண்டில் 347 நாட்கள் ஆற்றில் எட்டப்படும் அல்லது தாண்டப்படும் நீரோட்டத்தை, அதாவது ஆறு மெலிந்த காலத்து ஓட்டத்தை, கணக்கெடுத்து, அதை அடிப்படையாக வைத்து ஆற்றில் விட்டுவைக்க வேண்டிய நீரின் அளவை நிர்ணயிக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் தேசிய வனத்துக்குள் ஓடும் ஸ்பேல் ஆற்றில் நடந்ததைப் பாருங்கள். 2013இல் நீர்த்தேக்கத்தின் மட்டம் தாழ்ந்திருந்த நேரம் அடிச்சேறு கீழே இறங்கி, ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன. 2016இல் அதே அணையைத் திருத்தும்போது, பழைய வர்ணத்தைச் சுரண்டிய தூசியோடு பி.சி.பி. என்ற நஞ்சு ஆற்றில் கலந்தது. பணமும் பொறியியலும் கொட்டிக் கிடக்கும் நாட்டில் நடந்தது இது. நமது துருசுக் கதவிலும் எந்தக் காலத்து வர்ணம் இருக்கிறதோ. சுரண்டுவதானால் கதவைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய், கீழே படங்கு விரித்துச் சுரண்டட்டும்.

உண்மையில் குளம் முழுவதையும் வடிக்க வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். வேலை துருசு வாயில்தான். அதைச் சுற்றி மண்மூட்டை அடுக்கி ஒரு தற்காலிக அணை கட்டி, உள்ளிருக்கும் நீரை மட்டும் இறைத்தால் போதாதா? ஆற்றுக்கான நீரைக் கட்டுக்கு மேலாகக் குழாய் போட்டு உறிஞ்சவைத்துக் கடத்தலாம். குழாயை நீரால் நிரப்பி இரண்டு வாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் மின்சாரமும் எண்ணெயும் இல்லாமல் இரவு பகலாக ஓடும். ஏழு மீற்றருக்கு மேல் ஏற்றமிருந்தால் சரிவராது; நமது கட்டு அவ்வளவு உயரமில்லை. குழாயின் உள்வாயில் வலை கட்ட மறந்தால் மீன்குஞ்செல்லாம் அதற்குள்ளே போய்விடும்.

வடித்தே ஆக வேண்டுமென்று பொறியியலாளர் சொன்னால், மெதுவாக வடிக்கட்டும். கதவை ஒரேயடியாகத் தூக்கினால் நீர் போகிற வேகத்துக்கு மீன் ஈடுகொடுக்காது. பள்ளங்களில் சிக்கி வெயிலில் வேகும். கடைசியாக வரும் கறுத்த சேற்று நீரை ஆற்றில் விடவே கூடாது. அதில் அழுகும் பொருள்கள் நீரின் பிராணவாயுவைக் குடித்துவிடும். அறுத்த வட்டைகளுக்குள், அதாவது வயல்வெளிகளுக்குள், திருப்பித் தெளியவைத்தால் வயலுக்கும் உரம். மீன் நீரின் மேல் வந்து வாயைப் பிளக்கிறதா என்று பொழுது விடியும் முன் போய்ப் பார்க்க வேண்டும், பிராணவாயு மிகக் குறைவது அந்த நேரத்தில்தான். விரால் வெளிக்காற்றைக் குடித்துத் தாக்குப்பிடிக்கும். அதைப் பார்த்து மீன் சுகமாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது, சின்ன மீன்கள் அதற்குள் போய்விட்டிருக்கும்.

குளம் வற்றுகிறது என்ற செய்தி பரவினால் அயலூர்களிலிருந்தும் வீச்சுவலையோடும் கரப்போடும் வந்து நிற்பார்கள். மீன்குஞ்சு வாங்கி விட்டவர்கள் நன்னீர் மீனவர் சங்கத்தார். விற்கும் அளவில் உள்ளதை முதலில் அவர்கள் பிடித்து விற்கட்டும். சிறியவற்றை அத்தாங்கு என்ற கைவலையால் அள்ளி, குளத்து நீரே நிரப்பிய பீப்பாய்களில், வெயில் ஏறும் முன் மேலேயுள்ள மடுவுக்கு மாற்ற வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் கண்ணாடியை உறிஞ்சிக்கொண்டு கிடக்குமே, அந்த மீன் அகப்பட்டால் அதை மட்டும் திரும்ப நீரில் விடாதீர்கள். யாரோ அலுத்துப்போய்க் குளத்தில் விட்ட சனியன் அது.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை: குழாய், மண்மூட்டை, வலை, ஒரு உழவு இயந்திரத்தின் வாடகை. மாதச் சந்தாவிலேயே அடங்கும். முதல் தவணையை அனுப்புவதற்கு முன் இவற்றையும் மதிப்பீட்டில் சேர்த்து, கமநல சேவை அலுவலரிடமும் மீனவர் சங்கத்திடமும் கையொப்பம் வாங்கித் தருமாறு விவசாய சங்கத் தலைவருக்கு எழுத வேண்டும் என்பது என் முன்மொழிவு. வயலுக்கு நீர் பங்கிடும் வட்டைவிதானையாக இருந்த நமது பெரியப்பா இப்போது லண்டனில் மகளோடு இருக்கிறார். எந்தப் பள்ளத்தில் நீர் கடைசியாக நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அங்கிருக்கும் மருமக்கள் யாராவது அவரை உட்காரவைத்து ஒரு படம் கீறி வாங்கி அனுப்புங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் காலை தலைவருக்குக் கடிதம் போய்விடும்.

அன்புடன்,
பேர்ணிலிருந்து உங்கள் அண்ணன்